பிசினஸ் போர்ட்ரெய்ட்: லைட்டிங், போஸ் இரண்டையும் சேர்த்து அமைக்கும் முறை

நிறுவன இணையதளத்துக்கோ ஆண்டறிக்கைக்கோ எடுக்கும் படங்களில் அதிகம் நடக்கும் தவறு, லைட்டிங்கைத் தனி வேலையாகவும் போஸைத் தனி வேலையாகவும் பிரித்துக்கொள்வது. விளக்கை அருமையாக வைத்து முடித்த பிறகு, எதிரே இருப்பவர் தலையை 15 டிகிரி திருப்பினால் போதும். மூக்கு நிழல் இடம் மாறிவிடும், ஒரு கன்னம் இருண்டுவிடும், மூக்குக் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு வந்து உட்காரும். அதனால் ஆளை நிறுத்தி, முகத்தை எந்தப் பக்கம் திருப்பப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே விளக்கை நகர்த்த வேண்டும். படம் எடுக்கும்போதும் முகம் திரும்பத் திரும்ப நிழலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே வரும் எல்லா அளவுகளும் தொடங்குவதற்கான இடங்கள்தான். கடைசி முடிவை முகம் சொல்லும்.

லென்ஸ், தூரம், இடம்

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 முதல் 135 மி.மீ. வரை. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 56 முதல் 85 மி.மீ. போதும். முகத்தின் வடிவத்தைக் கெடுப்பது லென்ஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கெடுப்பது தூரம். 35 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு ஃப்ரேமை நிரப்ப 70 செ.மீ. அருகே போனால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கிவிடும். 1.5 மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். 2 மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி கிடைக்கும் அறையைத் தேடுங்கள். கேமராவுக்கும் ஆளுக்கும் 2 மீட்டர், உங்களுக்குப் பின்னால் நகர ஒரு மீட்டர் என்று சேர்த்தால், 5 மீட்டர் நீளமுள்ள அறை தேவைப்படும். சுவரை ஒட்டி ஆளை நிறுத்தினால் நிழல் சுவரில் விழும், அதற்குப் பிறகு எந்த விளக்கை எங்கே வைத்தாலும் அந்த நிழல் போகாது. கூரையும் முக்கியம். வெள்ளைக் கூரை தாழ்வாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸிலிருந்து (வெளிச்சத்தை மென்மையாக்க ஃபிளாஷில் மாட்டும் துணிப்பெட்டி) சிந்தும் வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்பி வந்து நிழல்களைக் கரைத்துவிடும். சுவருக்கு மஞ்சளோ பச்சையோ அடித்திருந்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும்.

அறை வெளிச்சத்தை முதலில் ஒழியுங்கள்

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அபர்ச்சர் எஃப் 8. இந்த அமைப்பில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது முழுக்கக் கருப்பாக வர வேண்டும். முகம் மங்கலாகத் தெரிந்தால் அறையின் ட்யூப்லைட்டோ எல்இடியோ படத்துக்குள் வருகிறது என்று அர்த்தம். அந்த விளக்குகளின் நிறம் ஃபிளாஷின் நிறத்தோடு பொருந்தாது. நிழல் பகுதி மட்டும் பச்சையாகவோ மஞ்சளாகவோ போகும், எடிட்டிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள்.

ஷட்டரை இன்னும் வேகமாக வைத்தால் என்ன என்று தோன்றலாம். பெரும்பாலான கேமராக்களின் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம், 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் படத்தின் ஓர் ஓரத்தில் கருப்புப் பட்டை விழும். ஃபிளாஷை இயக்கும் ட்ரிகர் மலிவானதாக இருந்தால் சிறு தாமதம் இருப்பதால் 1/250-லேயே பட்டை எட்டிப் பார்ப்பதும் உண்டு. 1/160 பாதுகாப்பானது.

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். 5500 கெல்வின் என்று கையால் வைத்து, முதல் படத்தில் கிரே கார்டை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள்.

கீ லைட்

முகத்துக்கு முக்கிய வெளிச்சம் தரும் விளக்குதான் கீ லைட். அந்த ஒரே ஒரு விளக்கோடு தொடங்குங்கள். மற்றவை எல்லாம் அணைந்திருக்கட்டும். ஒன்றை முடிக்காமல் இரண்டாவதைப் போட்டால், எந்த நிழல் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

90 முதல் 120 செ.மீ. அளவுள்ள ஆக்டாபாக்ஸ் (எண்கோண சாஃப்ட்பாக்ஸ்) அல்லது சாஃப்ட்பாக்ஸ் இந்த வேலைக்குப் போதும். முகத்திலிருந்து கிட்டத்தட்ட அதன் அகலத்துக்குச் சமமான தூரத்தில், அதாவது 1 மீட்டர் அளவில் வையுங்கள். தள்ளிப் போகப் போக, முகத்தின் பார்வையில் விளக்கு சின்னதாகிறது. நிழலின் ஓரம் கூர்மையாகிறது, நெற்றிப் பளபளப்பும் கூடுகிறது. சாஃப்ட்பாக்ஸ் வாங்கிவிட்டு அதை 3 மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு, ஏன் மென்மையாக வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

இடம்: கேமராவுக்கும் ஆளின் மூக்குக்கும் உள்ள கோட்டிலிருந்து 40, 45 டிகிரி பக்கவாட்டில். உயரம்: விளக்கின் நடுப்பகுதி கண்ணுக்கு 45 முதல் 60 செ.மீ. மேலே இருந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். இதை வைத்துவிட்டு, அளவுநாடாவை மறந்து மூக்கு நிழலைப் பாருங்கள். மூக்கின் அடியிலிருந்து கன்னத்தை நோக்கிச் சரிவாக இறங்கி, உதட்டைத் தொடாமல் நின்றால் அதுதான் லூப் லைட்டிங். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது பொருந்தும். நிழல் நேராக உதட்டின் மேல் விழுந்தால் விளக்கு உயரம் அதிகம், இறக்குங்கள். நிழல் பக்கவாட்டிலேயே படுத்துக்கிடந்தால் விளக்கு தாழ்ந்திருக்கிறது. நிழலே இல்லை என்றால் விளக்கு கேமராவை ஒட்டி வந்துவிட்டது; முகம் தட்டையாகிவிடும்.

இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால் மூக்கு நிழல் போய்க் கன்ன நிழலோடு சேரும், இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு ஒளி முக்கோணம் மிஞ்சும். இது ரெம்ப்ராண்ட் லைட்டிங். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு அழுத்தமான படம் வேண்டும் என்றால் நன்றாக இருக்கும். ஐம்பது ஊழியர்களின் படங்களை வரிசையாகப் போடும் பக்கத்துக்கு இது வேண்டாம். ஆளாளுக்கு முக்கோணம் வேறு வேறு அளவில் வந்து பக்கமே ஒழுங்கில்லாமல் தெரியும்.

நிழலுக்கு அடுத்தபடி கண்ணைப் பாருங்கள். இரண்டு கருவிழிகளிலும் மேல்பகுதியில் விளக்கின் பிரதிபலிப்பு, அதாவது கேட்ச்லைட், தெரிய வேண்டும். கடிகார முகப்பாக எண்ணினால் 10 மணி அல்லது 2 மணி இருக்கும் இடம். அது இல்லாத கண் செத்த கண்ணாகத் தெரியும். கண்குழி ஆழமாகவோ புருவ எலும்பு முன்தள்ளியோ இருப்பவர்களுக்கு வழக்கமான உயரத்தில் கேட்ச்லைட் விழாது. விளக்கை ஐந்தைந்து செ.மீ. ஆக இறக்கிக்கொண்டே வாருங்கள், இரு கண்களிலும் புள்ளி எட்டியதும் நிறுத்துங்கள்.

சட்டை வெள்ளையாக இருந்து, விளக்குக்கு அருகே உள்ள தோள் வெளுத்துப்போனால், விளக்கின் பவரைக் குறைக்காதீர்கள். சாஃப்ட்பாக்ஸைச் சற்றே திருப்பி, அதன் நடுப்பகுதி ஆளின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நோக்குமாறு வையுங்கள். ஓரத்து வெளிச்சம் முகத்தில் பரவும், தோளில் விழுவது குறையும், எதிர்ப்பக்கம் வைக்கப்போகும் ரிஃப்ளெக்டருக்கும் (வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் பலகை) கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். சில டிகிரி திருப்பலில் முழுப் படமும் மாறுவதைப் பார்க்கலாம்.

ஃபில்

நிழல் பக்கத்தை லேசாக நிரப்பும் வெளிச்சம்தான் ஃபில். இதற்கு இரண்டாவது ஃபிளாஷ் தேவையே இல்லை. ஒரு மீட்டர் உயரத் தெர்மோகோல் பலகையோ வெள்ளை ரிஃப்ளெக்டரோ போதும். கீ லைட்டுக்கு எதிர்ப்பக்கம், முகத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி அளவு பாருங்கள். நிழல் பக்கம் வெளிச்சப் பக்கத்தைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைவாக இருந்தால் அலுவல் படத்துக்குச் சரி. வெள்ளி ரிஃப்ளெக்டர் வேண்டாம், அது இரண்டாவது கீ லைட் போல நடந்துகொள்ளும். கீழிருந்து மேலே காட்டவும் கூடாது. கண்ணில் இரண்டாவது புள்ளி விழும், தாடைக்கு அடியில் வெளிச்சம் ஏறி இரட்டைத் தாடை பளிச்சென்று தெரியும்.

பின்னணியும் ஹேர் லைட்டும்

தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும். கீ லைட் முகத்துக்கு 1 மீட்டரில், பின்னணி முகத்துக்குப் பின்னால் 2 மீட்டரில் என்றால், பின்னணிக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவரே அடர் சாம்பலாகத் தெரியும். பின்னணியின் நிறத்தை மாற்ற விரும்பினால் பேப்பர் ரோலை மாற்றத் தேவையில்லை. ஆளையும் விளக்கையும் ஒன்றாகச் சுவரை நோக்கி நகர்த்தினாலோ விலக்கினாலோ சாம்பலின் ஆழம் மாறும்.

சுத்த வெள்ளை வேண்டும் என்றால் பின்னணிக்கென்று தனியாக இரண்டு விளக்குகள், இருபுறமும். முகத்தில் விழும் அளவைவிட அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் கூடுதல். அதற்கு மேல் ஏற்றினால் வெள்ளைச் சுவரே ஒரு பெரிய விளக்காகிக் காதோரத்தையும் முடியோரத்தையும் கரைத்துவிடும்.

முடியைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் ஹேர் லைட், கீ லைட்டுக்கு எதிர்ப்பக்கம் பின்னால், உயரத்திலிருந்து. கிரிட் (வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் வலை) போட்ட ஸ்ட்ரிப் பாக்ஸ் (ஒடுங்கி நீண்ட சாஃப்ட்பாக்ஸ்) நல்லது. கருமையான முடி வெளிச்சத்தை விழுங்கும். அதற்குக் கீ லைட்டின் அளவே கொடுக்கலாம். நரைத்த தலைக்கும் வழுக்கைக்கும் இரண்டு ஸ்டாப் குறையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் மூக்கு நுனியைத் தொட்டால் விளக்கு முன்னால் வந்துவிட்டது. லென்ஸுக்குள் அடித்தால் படம் முழுக்க வெளிறும். நடுவே ஒரு கருப்பு அட்டையை நிறுத்தி மறையுங்கள். உயரத்தில் நிற்கும் ஸ்டாண்டுகளின் காலில் மணல் பை கட்டாயம். ஆளின் தலைக்கு மேல் நிற்கும் எடை அது.

எந்தப் பக்கம் வெளிச்சம்?

முகத்தைச் சற்றுத் திருப்பியதும் கேமராவுக்கு ஒரு கன்னம் அகலமாகவும் மறு கன்னம் குறுகலாகவும் தெரியும். குறுகிய பக்கத்தில் வெளிச்சம் விழுந்தால் அகலமான பக்கம் நிழலுக்குப் போகும், முகம் மெலிந்து தெரியும். அகன்ற முகங்களுக்கு இதுதான் சரி. மிக ஒட்டிய முகத்துக்கு நேர்மாறாக, அகலமான பக்கத்துக்கு வெளிச்சம் கொடுங்கள். விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை; ஆளை மறுபக்கம் திரும்பச் சொன்னாலே ஒன்று மற்றதாகிவிடும். விளக்கு ஒன்றுதான், போஸ் அதை வேறாக்குகிறது.

இன்னும் இரண்டு குறிப்புகள். கண்களில் ஒன்று சிறியதாக இருந்தால், அந்தக் கண் கேமராவுக்கு அருகே வரும்படி திருப்புங்கள். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். முடி வகிடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும், இல்லாவிட்டால் முடியின் நிழல் நெற்றியில் விழும். தலையைத் திருப்பும்போது மூக்கு நுனி தூரத்துக் கன்னத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

காலிலிருந்து தொடங்கும் போஸ்

மார்பளவுப் படம்தானே, கால் எப்படி இருந்தால் என்ன என்று விடக் கூடாது. இரு கால்களிலும் சமமாக எடை வைத்து நிற்பவரின் தோள் விறைப்பாகவே இருக்கும். பாதங்களைக் கேமராவிலிருந்து 30 முதல் 45 டிகிரி திருப்பி, எடையைப் பின்காலில் வைக்கச் சொல்லுங்கள். முன்கால் முட்டி லேசாகத் தளரட்டும். இப்போது இடுப்பிலிருந்து, முதுகை வளைக்காமல், சில செ.மீ. கேமராவை நோக்கிச் சாயச் சொல்லுங்கள். தொந்தி பின்னால் போகும், முகம் முன்னால் வரும், கேட்பவர் போன்ற ஈடுபாடு உடம்பில் தெரியும்.

அடுத்தது தாடை. "தாடையை இறக்குங்க" என்று மட்டும் சொன்னால் கழுத்துச் சதை மடிந்து இரட்டைத் தாடை வரும். "நிமிர்ந்து பாருங்க" என்றால் மூக்குத் துவாரம் தெரியும். சொல்ல வேண்டியது இது: "நெத்தியால கேமராவைத் தொடப் போற மாதிரி கொஞ்சம் முன்னாடி வாங்க. அப்படியே தாடையை ஒரு துளி இறக்குங்க." கழுத்து முன்னால் நீள்வதால் தாடைக் கோடு தெளிவாகும். நிற்பவருக்கு இது அசௌகரியமாகத்தான் இருக்கும், நேரே பார்க்கும் கேமராவுக்கு இயல்பாகத் தெரியும். எடுத்த படத்தை உடனே காட்டிவிடுங்கள், பிறகு அவரே செய்வார். தாடை இறங்கியதும் கேட்ச்லைட் மறைந்திருக்கும். விளக்கை ஒரு துளி இறக்க மறக்காதீர்கள்.

கைகள் ஃப்ரேமில் இருந்தால் அவற்றுக்கு வேலை கொடுங்கள். கைகட்டும்போது புஜத்தை இறுகப் பிடித்தால் பயந்தவர் போலத் தெரியும். விரல்கள் லேசாகப் படிந்திருக்கட்டும், இரு கை விரல்களும் கொஞ்சமாவது தெரியட்டும், தோள் மேலே ஏறாமல் இருக்கட்டும். பேன்ட் பையில் கை விட்டால் கட்டைவிரல் வெளியே. புறங்கையை முழுசாகக் காட்டாமல் சுண்டுவிரல் பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்பினால் கை சின்னதாக, நளினமாகத் தெரியும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே பின்னணி தெரியும்படி ஓர் இடைவெளி விடுங்கள். அது இல்லாவிட்டால் கையும் உடம்பும் ஒன்றாகி ஆள் பெருத்துப்போவார்.

உட்கார்ந்த படம் என்றால் ஸ்டூலின் முன்பாதியில் மட்டும் உட்காரச் சொல்லுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலி முதுகைக் கூனாக்கும். பிளேசர் போட்டவர் அதன் பின்கீழ் ஓரத்தின்மேல் உட்கார்ந்தால் தோளில் துணி எழும்பாது. நிற்கும்போது பிளேசரின் பின்பக்கத்தைக் கிளிப்பால் இறுக்கினால் முன்பக்கச் சுருக்கம் போகும். டை முடிச்சு, காலர் ஓரம், அடையாள அட்டைக் கயிறு, சட்டைப் பையில் துருத்தும் பேனா: இவற்றை எடிட்டிங்கில் அகற்ற இருபது நிமிடம், நேரில் சரிசெய்ய ஐந்து நொடி. நெருக்கமான மெல்லிய கோடுபோட்ட சட்டை சென்சாரில் அலை அலையான பொய்க் கோடுகளை உண்டாக்கும், மாற்று உடை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேமரா உயரம்: முகப்படத்துக்குக் கண் மட்டம். தாடை கனத்தவருக்கு அதைவிட நான்கு விரல் மேலே. இடுப்பளவுப் படத்துக்கு மார்பு மட்டத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகி உடம்பு குறுகும்.

கண்ணும் சிரிப்பும்

"சிரிங்க" என்று சொன்னதும் வரும் சிரிப்பு இரண்டு நொடியில் உறைந்துவிடும். வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. கண்ணை மூடச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறந்து லென்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்த அந்த முதல் நொடியில் எடுங்கள். கீழ் இமை லேசாக மேலேறியிருந்தால் பார்வையில் உறுதி தெரியும். விரிந்து திறந்த கண் மிரட்சியாகத் தெரியும். ஷட்டர் சத்தம் கேட்டதும் முகம் தளரும், அப்போது இன்னொன்று எடுங்கள். பல நேரம் அதுதான் நல்ல படம்.

ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்கு அருகே உள்ள கண்ணில். எஃப் 1.8-ல் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கிய படத்தை அலுவல் தேவைக்குக் கொடுக்க முடியாது, எஃப் 5.6 முதல் 8 வரை வையுங்கள். அறை கும்மிருட்டாக இருந்தால் கண் பாப்பா விரிந்து கண் முழுக்கக் கருப்பாகும், மாடலிங் லேம்ப்பை (ஃபிளாஷில் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) எரியவிட்டால் கருவிழியின் நிறம் தெரியும்.

மூக்குக் கண்ணாடி, பளபளப்பு, தோல் நிறம்

கண்ணாடியில் பிரதிபலிப்பு வருவது கோணக் கணக்கு. பட்ட கோணத்திலேயே ஒளி திரும்பும். அது லென்ஸுக்குள் வராமலிருக்க முதலில் விளக்கை உயர்த்துங்கள், பிறகு பக்கவாட்டில் தள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் கண்ணாடியின் காதுக் கம்பியை அரை செ.மீ. தூக்கிவிடுங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், படத்தில் வித்தியாசம் தெரியாது. முகத்தை விளக்குக்கு எதிர்ப்பக்கம் சில டிகிரி திருப்பினாலும் போகும். விளக்கைத் தூக்கியதால் கண்குழி இருண்டால் ஃபில்லைச் சற்று அருகே கொண்டுவாருங்கள். எதிரே திறந்திருக்கும் லேப்டாப் திரையும் கண்ணாடியில் தெரியும், மடக்கி வையுங்கள்.

நெற்றி, மூக்கு, மேலுதடு மூன்றையும் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள், துடைக்க வேண்டாம். தேவைப்பட்டால் நிறமற்ற பவுடர் கொஞ்சம்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கருமையான தோலை வெளுக்க வைக்கும், வெளிர் தோலை இருட்டாக்கும். கையில் பிடிக்கும் லைட் மீட்டரைத் தாடைக்கு அடியில் வைத்து, விழும் ஒளியை அளந்தால் இந்தச் சிக்கல் கிடையாது. கருமையான தோலின் அழகு அதில் விழும் மெல்லிய மினுமினுப்பில் இருக்கிறது. ஃபில்லைக் கொட்டி அதை அழிக்காதீர்கள், எக்ஸ்போஷரை ஏற்றி நிறத்தையும் மாற்றாதீர்கள். பெரிய சாஃப்ட்பாக்ஸை அருகே வைத்து, கன்ன எலும்பில் அகலமான ஒளித்தடம் விழச் செய்து, பின்னணியைத் தோலைவிட ஒரு படி வெளிர்வாகவோ ஹேர் லைட் உதவியோடு அடர்வாகவோ வையுங்கள்.

ஃபிளாஷ் இல்லையென்றால்

நேர் வெயில் விழாத பெரிய ஜன்னல் ஒன்று போதும். ஒரு மீட்டர் தள்ளி ஆளை நிறுத்தி, ஜன்னல் 45 டிகிரியில் இருக்கும்படி திருப்புங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்தால் வெளிச்சம் மேலிருந்து வரும். மறுபக்கம் அதே தெர்மோகோல். ஷட்டர் 1/125-க்குக் குறையாமல், அபர்ச்சர் எஃப் 4, ஐஎஸ்ஓவைத் தேவைக்கேற்ப ஏற்றுங்கள். அறை விளக்குகள் இங்கேயும் அணைந்தே இருக்கட்டும்.

ஒரே நாளில் பலரை எடுக்கும்போது

தரையில் டேப் ஒட்டி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். சாஃப்ட்பாக்ஸில் ஒரு நூல் கட்டி, மூக்கு நுனி தொடும் நீளத்தில் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொருவர் வந்ததும் நூலை நீட்டித் தூரம் சரிபார்த்துவிட்டு விடுங்கள். உயர வித்தியாசத்துக்கு நல்ல வழி, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல். எல்லோர் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், கேமராவையும் விளக்கையும் தொட வேண்டியதில்லை. நிற்க வைத்து எடுத்தால் கேமரா எத்தனை செ.மீ. ஏறுகிறதோ அத்தனை செ.மீ. விளக்கும் ஏற வேண்டும்.

தலைக்கு மேலும் இருபுறமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். பல தளங்கள் படத்தை வட்டமாக வெட்டும், இறுக்கிப் பிடித்த படத்தில் முடி போய்விடும். முதலில் திருப்தியாக வந்த படத்தை லேப்டாப்பில் ஓரமாகத் திறந்து வைத்து, ஐந்து பேருக்கு ஒருமுறை புதிய படத்தை அதன் பக்கத்தில் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் திடீரென்று இருண்டு வந்தால் அமைப்பை மாற்றாதீர்கள். ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆவதற்குள் அழுத்தியிருப்பீர்கள். ரெடி விளக்கு எரியும்வரை காத்திருந்து மறுபடி எடுங்கள். அப்போதும் இருண்டால் பேட்டரியை மாற்றுங்கள்.